முன்கட்டை

இருபத்தாறாவது சாமான் போயிட்டிருக்குது. நம்முளுது நாப்பத்தொண்ணு. இன்னும் பதினஞ்சு இருக்குதுன்னா எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும், ஆகட்டுமே, எனக்கென்ன அவசரம், தலைக்கு மேல ஃபேன் நல்லா ஓடுது, செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தரையில வெச்சா சில்லுனு இருக்குது, கோயமுத்தூர்க் கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி சுகமான தரை வேற எங்கயும் கெடையாது. ஏலம் விடறவர் மணமேடை மேல நிக்கறார். கோட்டும் டையும் போட்ட மெட்ராஸ்காரர். நேத்து நடந்த கல்யாணத்துக்குக் கட்டுன பிளாஸ்டிக் பூவை இன்னும் அவுக்கல, அந்த மாலைக்கு நடுவால நின்னுட்டு அவர் வெள்ளைக்காரன் காலத்துக் கடியாரத்தைக் கூவி விக்கறதைப் பாத்தா சிரிப்பு வராம என்ன பண்ணும். "சிரிக்காத புள்ள, நீ கேக்கறேன்னு நெனச்சுக்குவாரு"ங்கறார் எங்க ஊட்டுக்காரர் மயில்சாமி. அவருக்கு அதுதான் பயம். தெரியாத்தனமா மூக்கைச் சொறிஞ்சா ஒரு பியானோவைத் தலையில கட்டிருவாங்களாம், அதனால ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறார், பாவம், தட்டுவடை திங்கறதுக்குக்கூட கையை வெளிய எடுக்கல, நாந்தான் ஊட்டி உடறேன். வால்பாறையில ஒரு தேயிலை எஸ்டேட்டு முதலாளி செத்துப்போயி, அவரு புள்ளைங்க வெளிநாட்டுல இருந்துட்டு பங்களாச் சாமானை எல்லாம் ஒட்டுக்கா ஏலத்துக்கு விட்டிருக்கறாங்க. மான்கொம்புத் தொப்பி ஸ்டாண்டு, பீங்கான் டீ செட்டு, கட்டிலு, எனக்கு அதெல்லாம் எதுக்கு. எனக்கு வேண்டியது நாப்பத்தொண்ணு. ரெட்டைக்குழல் துப்பாக்கி, லண்டன்ல செஞ்சது, எங்கய்யனோடது. அதுக்காகத்தான் பொள்ளாச்சியில இருந்து காலங்காத்தால கெளம்பி வந்தது. அதுக்காகத்தான் அவனும் வந்திருக்கறான். நாலு வரிசைக்கு முன்னால, ஓரத்து நாற்காலியில, வெள்ளைச் சட்டை, பின்னங்கழுத்துல ரெண்டு மடிப்பு. எங்கண்ணன் சென்னியப்பன். பேசி பத்தொம்பது வருசம் ஆச்சு. மடிப்பு முன்னால ஒண்ணுதான் இருந்துச்சு.

அய்யன்னா எங்கப்பா, நாங்க அய்யான்னுதான் கூப்புடுவோம். வால்பாறையை விட்டுப் போன ஒரு தொரைகிட்ட இருந்து அவர் வாங்குன துப்பாக்கி அது, அதுவும் ஒண்ணு இல்ல, ஜோடி. ரெண்டையும் ஒரே ஆளு கைக்குன்னு அளவெடுத்துச் செஞ்சிருப்பாங்க. ஒண்ணைச் சுட்டுட்டு இருக்கறப்பவே பின்னால நிக்கறவன் இன்னொண்ணுக்குத் தோட்டாப் போட்டு ரெடியா நீட்டோணும், அதுக்குத்தான் ஜோடி. தெறக்கறதுக்குக் கட்டைவிரல்ல தள்ளுவோமே ஒரு சாவி, அது மேல ஒண்ணுல தங்கத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கும், இன்னொண்ணுல ரெண்டுன்னு. கிளப்பு மைதானத்துல மண்தட்டை மேல எறிவாங்க, அய்யன் சுடுவாரு, அண்ணன் எறியற மெசினோட கயித்தை இழுப்பான், நான் பின்னால நின்னு தோட்டாப் போட்டு நீட்டுவேன். பாவாடை சட்டையில நிக்கற என்னைப் பாத்து அங்கிருக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும், ஒரு தட்டுக்கூட அய்யனுக்கு என்னால தப்புனதில்ல. தொடைக்கறதும் நாந்தான். அண்ணனுக்குப் பொறுமை பத்தாது. ரெட்டைக்குழலைக் கழட்டுனா மூணு துண்டு, அவ்வளவுதான். தோள்ல வெக்கற பின்கட்டை ஒண்ணு, குழல் ஒண்ணு, குழலுக்கு அடியில இடது கை புடிக்குமே ஒரு சாண் நீளத்துக்குக் கட்டை, அது ஒண்ணு. அந்த முன்கட்டைதான் இப்ப என்ர மடியில பையில இருக்குது, தட்டுவடை டப்பாவுக்குப் பக்கத்துல, அய்யனோட பழைய வேட்டித்துணியில சுத்தி. என்ர துப்பாக்கியோட முன்கட்டை. ரெண்டாம் நம்பரு பாகத்துல எனக்கு வந்தது, ஒண்ணாம் நம்பரு அண்ணனுக்குப் போச்சு, அவன் அதை வித்துட்டான், அது கை மாறி இந்த எஸ்டேட்டுக்கு வந்திருக்குது. ஏலத்துல வர்றது நெசமாவே நம்ம ஜோடிதானான்னு இரும்புல செதுக்குன பூவேலையை ஒத்துப் பாக்கலாம்னு ரோசனை சொன்னது மயில்சாமி மாமாதான், "முழுத் துப்பாக்கியத் தூக்கிட்டு ஊருக்குள்ள போவாத புள்ள, போலீசு புடிச்சா நான் வரமாட்டேன், அந்தத் துண்டுக் கட்டையை மட்டும் எடுத்துக்கோ"ன்னார். எடுத்துக்கிட்டேன். எடுக்காம வந்திருந்தா? எடுக்காம வந்திருந்தா நான் இப்படிச் சிரிச்சுட்டு உக்காந்திருக்க மாட்டேன், பல்லைக் கடிச்சுட்டு அந்தப் பின்னங்கழுத்தையே மொறச்சுட்டு இருந்திருப்பேன். முப்பது போகுது. ஒரு அலமாரி. கண்ணாடி ஒடஞ்ச அலமாரிக்கு இத்தனை போட்டியா, சாமி.

காத்தால சாமானைப் பாக்க விட்டாங்க. துப்பாக்கிக்கு மட்டும் தனி மேசை, லைசென்சு வெச்ச கடைக்காரர் ஒருத்தர் காவலுக்கு உக்காந்திருந்தார், நம்ம லைசென்சையும் வாங்கறதுக்குண்டான அனுமதிக் கடுதாசியையும் காட்டுனாத்தான் தொட விடுவார். காட்டுனேன். தொட்டேன். சாவியில ஒண்ணு, தங்கம் மங்காம அப்படியே இருக்குது. பின்கட்டை தேன் கலர்ல வழவழன்னு. எடுத்துத் திருப்புனேன், கீழ பாத்தேன், முன்கட்டையில கறுப்பா ஒரு ஓட்டம். புகை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. எனக்குப் பொக்குன்னு போச்சு. அந்தப் புகை என்ரது. என்ர துப்பாக்கியோட பின்கட்டையில ஓடற அதே புகை, அதோட மிச்சம் இங்க வந்து கெடக்குது. பைக்குள்ள கையை விட்டுத் துணியை விலக்கிப் பாத்தா என்ரது வெறும் தேன் கலர், ஒரு கோடு இல்ல. இத்தனை வருசமா என்ன நெனச்சுட்டு இருந்தேன் தெரியுமா, கை பட்டுக் கை பட்டு முன்னால கறுப்பு தேஞ்சு போச்சுன்னு. அட கெரகமே! கை பட்டா கறுத்துத்தான போகும், வெளுக்குமா? "என்ன புள்ள, நம்ம ஜோடிதானா?"ன்னார் மாமா. ஆமான்னேன். "ரெண்டும் கட்டைதான, இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது இத்தனை நேரம்"னார். அவருக்குத் தென்னைமரமும் கட்டைதான், தேக்கும் கட்டைதான். பொறவு மண்டபத்துப் பாத்ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திட்டு, கட்டையோட உள்பக்கம் இரும்புல, பொடவையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி, பத்தொம்பது வருசத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சொரண்டுனேன். மாசத்துக்கு ஒருக்கா தொடைக்கறேன்னு பேரு, உள்ள ஒரு நாளும் பாத்ததில்ல பாத்துக்கோங்க. கடுகு அளவுக்கு ஒரு குறி வந்துச்சு. ஒண்ணு. என்ர ரெண்டாம் நம்பருத் துப்பாக்கியில இத்தனை நாளும் ஒண்ணாம் நம்பரு முன்கட்டை இருந்திருக்குது. அண்ணனோடதுல என்ரது. வெளிய எவளோ கதவைத் தட்டுறா, நான் உள்ள நின்னுட்டு ஊக்கும் கையுமா சிரிக்கறேன்.

மாத்துனது யாரு? வேற யாரு, இந்த மகராசிதான். பாகம் பிரிக்கறதுக்கு மொத நாளு. அய்யன் போயி பதினாறு முடிஞ்சு ஊடு நெறைய ஒறம்பரை. நான் கொல்லைப்பக்கம் பேப்பரை விரிச்சு ரெண்டையும் கழட்டிப் போட்டு எண்ணெய் விட்டுட்டு இருக்கறேன், நடுவால அத்தை ஒருத்தி வந்து "தெய்வாத்தா, அந்தப் பெரிய அண்டா உனக்கா உங்கண்ணனுக்கா, நீ வந்து சொல்லு"ன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. அண்டா சண்டை முடிய ஒரு மணி நேரம். திரும்பி வந்து வெடுக்கு வெடுக்குன்னு மாட்டி வெச்சேன். ஜோடிங்கறதால மாத்திப் போட்டாலும் சேந்துக்கும். சேரும், ஆனா சேராது. மறுநாளு எங்க வழக்கப்படி மூத்தவன் பாகம் வெச்சான், நான் மொதல்ல எடுத்தேன். அந்தப் புகை ஓட்டம் புடிச்சுப்போயி ரெண்டாம் நம்பரை நாந்தான் எடுத்தேன், அவன் தள்ளல, நாந்தான் எடுத்தேன். தோல்பெட்டியும் எனக்கே வந்துச்சு, ரெண்டு துப்பாக்கி வெக்கறதுக்குப் பள்ளம் போட்ட பெட்டி, ஒரு பள்ளம் காலியாவே கெடக்குது இன்னைக்கு வரைக்கும். ஊட்டுக்குக் கொண்டாந்து தெறந்து மூடுனா டொக்குனு ஒரு ஆட்டம். அய்யன் கையில இருந்தப்ப ஆடல. எனக்கு ஆடுது. ரோசனை எங்க போகும்? நான் எதை எடுப்பேன்னு அவனுக்குத் தெரியும், முன்னாலயே கைவேலை பண்ணி வெச்சுட்டான், நல்லதை அவன் அமுக்கிட்டான். மனசுல அதை வெச்சுட்டே சும்மா இருந்திருந்தா தொலையுதுன்னு போயிருக்கும். என்ர மக பெரியவளானப்ப வெச்ச சீருக்குத் தாய்மாமன் தட்டுத் தட்டா சீர் கொண்டாந்து எறக்கிட்டு, பந்தியில உக்காந்து பாதி சாப்பிட்டுட்டு இருக்கறான், நான் ரசம் ஊத்தறவளுக்குப் பின்னால நின்னுட்டு, ஊரே கேக்க, "சீர் வரிசை எல்லாம் நல்லாத்தான் இருக்குது, துப்பாக்கியிலதான் கைவேலை பண்ணிட்ட, நீ அய்யனுக்குப் பொறந்தவனா?"ன்னுட்டேன். அந்த வார்த்தை. அதை நெனச்சா இப்பவும் காது ரெண்டும் சுடுது. இலையை மூடல. கையைக் கழுவிட்டு நங்கையைக் கூப்புட்டுட்டுப் போயிட்டான். நங்கைன்னா அவன் சம்சாரம், என்ர மேல உசுரா இருந்தவ. ஒரே மாசத்துல துப்பாக்கியை வித்துட்டான்னு சேதி வந்துச்சு. அதுக்கும் நாந்தான் கத்துனேன், அய்யன் துப்பாக்கியை வித்த துரோகின்னு. அவன் துப்பாக்கி தெறக்காம இறுகியிருந்திருக்கும், அவனும் என்னைத்தான் நெனச்சிருப்பான், இவதான தொடச்சா, இவதான் என்னமோ பண்ணி வெச்சிருக்கறான்னு. நெனச்சிருந்தா சரியாத்தான் நெனச்சிருக்கறான்.

முப்பத்தஞ்சு. கூண்டு, கிளி இல்லாத கிளிக்கூண்டு, யாரோ கேக்கறாங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. தப்பு என்ர மேலன்னு தெரிஞ்சா மனுசிக்கு வெசனம்தான வரோணும், அழுகைதான வரோணும். எனக்கு ஏன் இப்படி வயிறு நெறஞ்ச மாதிரி இருக்குது? பாத்ரூமுல இருந்து வந்ததுல இருந்து காத்தாட்டம் இருக்கறேன், டப்பாவுல பாதித் தட்டுவடையைத் தின்னுட்டேன். ரோசிச்சு ரோசிச்சுப் பாத்தா ஒண்ணு தோணுது. அவன் என்னை ஏமாத்தல. அவ்வளவுதான். பத்தொம்பது வருசமா எங்கண்ணன் என்னை ஏமாத்திட்டான், எங்கண்ணன் என்னை ஏமாத்திட்டான்னு ஓடிட்டே இருந்துச்சு மண்டைக்குள்ள, மாவு மெசினு சத்தம் மாதிரி, நிக்கறப்பத்தான் தெரியுது அது ஓடுச்சுன்னு. மயில்சாமி மாமா தோப்புக் கணக்குல அசந்தாக்கூட, உங்கண்ணன் மாதிரி நீங்களும் என்னை ஏய்க்கறீங்களான்னு கேட்டவ நானு. அவன் ஏய்க்கல. அவன் அதே அண்ணன்தான். திருவிழாவுல பலூன் வாங்கி அவன் கையில கட்டாம என்ர கையில கட்டி உட்டவன்தான். நல்லவன் ஒருத்தன் எனக்கு அண்ணனா இருந்திருக்கறான், எனக்குத்தான் தெரியல, அது இப்பத் தெரிஞ்சா சந்தோசம் வராம? ஆனா, ஆனா, கூடவே ஒரு பயமும் இருக்குது, அதையும் சொல்லிரோணும். இந்தத் துப்பாக்கியை நானே எடுத்துட்டா? ஊட்டுக்குக் கொண்டுபோயி, கதவைச் சாத்திட்டு, முன்கட்டையை மாத்திப் போட்டா முடிஞ்சுது. ரெண்டும் சரியாயிரும். காலிப் பள்ளம் ரொம்பிரும். நான் பண்ணுனது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஊரு பாத்தா தெய்வாத்தா அய்யன் துப்பாக்கியை மீட்டுட்டா, வித்தவன் வித்தவனாவே இருப்பான், கைவேலை பண்ணவன் பண்ணவனாவே இருப்பான். எத்தனை சுளுவு! அந்தச் சுளுவுதான் எனக்குப் பயமா இருக்குது. அவன் எடுத்தா, இறுகிப்போன அந்தத் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போவான், நாந்தான் போயிச் சொல்லோணும், அண்ணா உன்ர கட்டை என்ரகிட்ட இருக்குது, என்ரது உன்ரகிட்ட இருக்குது, மாத்துனது நானுன்னு. சொல்லாமயும் இருந்துக்கலாம், அப்படின்னா ரெண்டு பேருக்கும் ஆடறதும் இறுகறதும் சாகற வரைக்கும். நாலு வரிசை நாற்காலி. நடந்தா எட்டடி. இப்பவே போயிச் சொன்னா என்ன? காலு செருப்பைத் தேடுது, செருப்பு கெடைக்குது, காலு அதுக்குள்ள போகமாட்டீங்குது. நங்கை செத்தப்பவே போயி ஓரமா நின்னுட்டு ஒரு வார்த்தை பேசாம வந்தவதான நானு. அவன் அன்னைக்குத் திண்டாடிட்டு நின்னான், யாரோ வந்து துண்டை எடுத்துக் குடுத்தாங்க, நான் குடுத்திருக்கோணும்.

"உங்கண்ணன் எளைச்சுட்டாப்ல"ங்கறார் மாமா, எதையோ பாக்கற மாதிரி பாத்துட்டு. மடிப்பு ஒண்ணு எச்சாத்தான ஆயிருக்குதுன்னேன். "அது வயசு புள்ள. காத்தால கடைக்காரர்கிட்டப் பேசிட்டு இருந்தாரே, கேட்டியா?" கேட்டேன். கேக்காம? எனக்குப் பின்னால வரிசையில நின்னுட்டு, எனக்குக் கேக்கோணும்னா கேக்கக்கூடாதுன்னான்னு தெரியாத ஒரு கொரல்ல, "எங்கய்யன் துப்பாக்கிங்க. வித்தது நாந்தானுங்க. புத்திகெட்டுப் போயி"ன்னான். அவன் துப்பாக்கியைக் கையில எடுத்துத் தெறந்தப்ப மொடக்குன்னு சத்தம் வந்துச்சு, இன்னும் இறுகித்தான் இருக்குது. நான் பையோட ஜிப்பை இழுத்து மூடிட்டேன். இன்னொரு ஆளும் அந்த வரிசையில இருந்தான், கருப்புக் கண்ணாடியைத் தலை மேல ஏத்தி வெச்சுட்டு, ஊட்டிப் பக்கம் ரிசார்ட்டு வெச்சிருக்கறானாம், காட்டெருமைத் தலைக்குப் பக்கத்துல செவுத்துல மாட்டறதுக்கு வேணுமாம். செவுத்துல! எங்கய்யன் தோள்ல இருந்ததை ஆணியடிச்சுச் செவுத்துல! அதைக் கேட்டப்ப அண்ணனோட காது செவந்துச்சு, என்ர காதும் சூடாச்சு, ரெண்டும் ஒரே ஊட்டுக் காதுதான. நாப்பது. கம்பளி. சீக்கிரம் போயிருச்சு. பாட்டில் தண்ணி ஒரு வாய் குடிச்சேன்.

"நாற்பத்தொன்று" அப்படின்னார் கோட்டுக்காரர், கடைக்காரர் மேசையில இருந்து துப்பாக்கியை ரெண்டு கையாலயும் தூக்கிக் காட்டுனார், மண்டபத்துல சலசலப்பு நின்னுச்சு. ஜோடியில ஒன்று, மற்றது இருக்கும் இடம் தெரியவில்லைன்னு வாசிச்சார். இருக்கற எடம் தெரியலையாம், இங்கதான்யா பொள்ளாச்சியில என்ர பீரோவுல இருக்குது. ரிசார்ட்டுக்காரன் கை தூக்குனான். நான் என்ர பதினேழாம் நம்பரு அட்டையைத் தூக்குனேன், எனக்கே கேக்கற அளவுக்கு வளையல் சத்தம். அவன் தூக்குனான். நான் தூக்குனேன். அண்ணன் அசையல, என்ன பண்றான், பாத்துட்டு இருக்கறானா, இல்ல பணம் பத்தலையான்னு மனசு அங்கயும் இங்கயும் ஓடுது. ரிசார்ட்டுக்காரன் போனை எடுத்து யாருகிட்டயோ பேசுனான், தலையை ஆட்டுனான், உட்டுட்டான். அப்பாடான்னு நான் மூச்சு விடறதுக்குள்ள நாலு வரிசைக்கு முன்னால ஒரு கை. வெள்ளைச் சட்டைக் கை. ஒம்பதாம் நம்பரு. "ஒன்பதாம் எண் ஐயா, நன்றி. பின்னால் அம்மா?" என்ர கை தானா மேல போச்சு. சத்தியமா நான் தூக்கல, அது வீம்பு, அறுவத்திமூணு வயசு வீம்பு, கேரம்போர்டுலயும் அவனை ஜெயிக்கோணும், பனங்கெழங்குலயும் பெரிசு எனக்குத்தான் வேணும்னு வளந்த கை. அவன் திரும்பிப் பாக்காம மறுபடி தூக்குனான். நான் தூக்குவேன்னு அவனுக்குத் தெரியும். அவன் தூக்குவான்னு எனக்கும் தெரியும். இப்படியே ரெண்டு பேரும் தூக்கிட்டே போனா மேடையில இருக்கறவரு குடும்பம் நல்லா இருக்கும்.

"அம்மா?" கோட்டுக்காரர் என்னையே பாக்கறார். மண்டபம் மொத்தம் திரும்பி என்னைப் பாக்குது, ஒரே ஒரு பின்னங்கழுத்தைத் தவிர. மாமா தொடைக்கு அடியில இருந்து ஒரு கையை உருவி, காலைல இருந்து மொத தடவையா, என்ர முழங்கையைத் தொட்டார். "தூக்கு புள்ள. பரவால்ல. நீ எத்தனை நாளு அந்தக் காலிப் பெட்டியைத் தெறந்து பாத்தேன்னு எனக்குத் தெரியாதா, தூக்கு." கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. இத்தனை நல்ல மனுசனா நீங்க, இதை ஊட்டுல ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாமேய்யா. காலிப் பள்ளம் கண்ணு முன்னால வந்துச்சு, பச்சை வெல்வெட்டு, துப்பாக்கி வடிவத்துல ஒரு காலி. அது பக்கத்துல இன்னொரு காலி வந்துச்சு, மக கல்யாணத்துல மாமன் மாலை போடற எடத்துல பெரியப்பா பையனை நிறுத்துனோமே, அந்தக் காலி. "ஒரு தரம்." மூடி வைக்காத அந்த இலையும் வந்துச்சு. பாதிச் சோறு, ரசம் ஊத்தாத சோறு. "ரெண்டு தரம், அம்மா, கடைசியாகக் கேட்கிறேன்." அட்டையைப் பாத்தேன். மாமா கையில குடுத்தேன். "இதை வெச்சுக்கோங்க மாமா"ன்னேன். அவர் அதைப் பாம்பு மாதிரி புடிச்சுட்டு, எங்க தூக்கிட்டதா நெனச்சுருவாங்களோன்னு கீழ போட்டுட்டார். மரச்சுத்தி டொக்குனு உழுந்துச்சு. "ஒன்பதாம் எண் ஐயாவுக்கு." அப்பத்தான் அந்தப் பின்னங்கழுத்து திரும்புச்சு. ஜெயிச்சவன் மூஞ்சி மாதிரி இல்ல, சில்லறை எச்சாக் குடுத்துட்டாங்களோன்னு பாக்கறவன் மூஞ்சி மாதிரி இருந்துச்சு. செருப்பு ரெண்டும் காலுக்குள்ள எப்பப் போச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் நடந்துட்டு இருக்கறேன், எட்டடி இல்ல, மேசை அக்கட்டால மூலையில, நாப்பது அடி இருக்கும், பையைக் கெட்டியாப் புடிச்சுட்டு.

அவன் கடைக்காரர் மேசையில கையெழுத்துப் போட்டுட்டு இருந்தான். துப்பாக்கி முன்னால கெடக்குது. நான் போயி நின்னதும் பேனா நின்னுச்சு.

"கையை ஏன் எறக்குன?" அப்படின்னான். பத்தொம்பது வருசம் கழிச்சு அதுதான் மொத வார்த்தை. முன்னெல்லாம் கூப்புடற மாதிரி அம்மிணின்னு சேக்கல, சேக்காம உட்ட எடம் காதுல கேட்டுச்சு.

வழியெல்லாம் கோத்து வெச்ச பேச்சு ஒண்ணும் வாயில வரல. பையைத் தெறந்து துணியை எடுத்து அவன் கையில வெச்சேன். துணியை மொதல்ல பாத்தான், அய்யன் வேட்டிக் கரைன்னு அவனுக்குத் தெரியும். விரிச்சான். தேன் கலர்க் கட்டை. திருப்பி உள்ள பாத்தான், ஊக்குல சொரண்டுன எடத்துல ஒண்ணு. மேசை மேல இருக்கற துப்பாக்கியைப் பாத்தான், அந்தப் புகை ஓட்டத்தைப் பாத்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியதே இல்ல, அய்யன் மகன்தான. புகைக் கட்டையைக் கழட்டுனான், அதுக்கு ரெண்டு தடவை தட்ட வேண்டியிருந்துச்சு, "அய்யா, மெதுவா மெதுவா"ங்கறார் கடைக்காரர். தேன் கட்டையை வெச்சு அமுக்குனான். தட்டவே வேண்டியிருக்கல. தெறந்தான். மூடுனான். க்ளிக். அவ்வளவு சின்னச் சத்தம். அய்யன் தோளுக்குப் பின்னால நின்னு நான் கேட்ட சத்தம், அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கேக்கறேன்.

"அன்னைக்குத் தொடச்சது யாரு?"

"நாந்தாண்ணா."

"மாட்டுனது?"

"அதும் நாந்தான். அண்டா யாருக்குன்னு கேட்டு நடுவால இழுத்துட்டுப் போயிட்டாங்க."

அவன் மேல பாத்தான். மண்டபத்து ஃபேனைப் பாத்தான். நான் அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு நின்னேன். "அந்த அண்டா ஓட்டை"ன்னான். கடைக்காரர் எங்களை மாத்தி மாத்திப் பாக்கறார். "பசியோட போனேன் அன்னைக்கு"ன்னான் பொறவு, மெதுவா, துப்பாக்கிகிட்டச் சொல்ற மாதிரி. "ரசம்கூட ஊத்தல. ஊரு போயிச் சேர்றவரைக்கும் உன்ர நங்கை அழுதுட்டே வந்தா."

மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். "பையில தட்டுவடை இருக்குது"ன்னு வந்துச்சு. டப்பாவைத் தெறந்து நீட்டுனேன், மூணே மூணு இருந்துச்சு, மிச்சத்தைத் திருட்டுக்கழுதை நான் தின்னு தொலைச்சிருந்தேன். அவன் ஒண்ணை எடுத்தான். நின்ன எடத்துலயே கடிச்சான், சட்டையில துகள் உழுந்துச்சு. மென்னு முழுங்கிட்டு இன்னொண்ணை எடுத்தான். எனக்கு மூக்கெல்லாம் ஒழுகுது, பொடவைத் தலைப்புல தொடைக்கறேன், மாமா தூரத்துல கையைத் தொடைக்கு அடியில வெக்காம நின்னுட்டு எங்களையே பாத்துட்டு இருக்கறார். அண்ணன் புகைக் கட்டையை எடுத்து, அய்யன் வேட்டித்துணியில ஒரு சுருக்கம் இல்லாம சுத்தி, என்ர பைக்குள்ள அவனே வெச்சான்.

"நாளைக்கு மத்தியானச் சோத்துக்கு வாரேன் அம்மிணி. ரசம் வெய்யி"ன்னான். ஜிப்பை இழுத்து மூடுனான். "ரெண்டையும் போட்டுத் தொடச்சுக்கலாம். நீ தொடச்சுக்கோ. மாட்டறது நானு."